தலைக்கவசத்துக்குள் ஒரு செவி



தவக்காலம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் இரண்டு காரியங்கள் தவறாது நடைபெறும். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை; இரவுதோறும் பாஸ்கா நாடக ஒத்திகை. ராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் பகுதியில் இவ்வழக்கம் இன்றும் குன்றவில்லை. பகலெல்லாம் நூற்பாலையிலும் விசைத்தறியிலும் வயலிலும் உழைத்துக் களைத்தவர்கள், இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கோயில் முற்றத்தில் வந்து கூடுவார்கள். தேநீர்க்கடைக்காரர் பிலாத்து ஆவார். கொத்தனார் கயபா ஆவார். கல்லூரி மாணவன் ஒருவன் தாடி வளர்த்து, இயேசு பெருமானாகச் சிலுவை சுமப்பான். அவ்வொத்திகைகளுள் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம்.

பாஸ்கா நாடகம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனி நாட்டின் ஓபர்அம்மெர்காவு என்னும் சிற்றூர் மக்கள் 1633ஆம் ஆண்டு கொள்ளைநோயின் கொடுமையில் ஒரு பொருத்தனை செய்தார்கள். அதன்படி 1634இல் ஆண்டவரின் பாடுகளை முதன்முதலாக நடித்தார்கள். பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை நடிப்பதென்று வகுத்துக்கொண்டு இன்றளவும் நடித்து வருகிறார்கள். 2020இல் நடந்திருக்க வேண்டியது கொரோனா காரணமாக 2022இல் நடந்தேறியது. யாழ்ப்பாணத்திலோ, நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் காட்சிகளைத் தமிழில் மேடையேற்றிப் புகழ் பெற்றது. எந்த நாட்டில் நடந்தாலும் இந்நாடகத்தின் உயிர் ஒன்றுதான்: ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கவேண்டும். கேட்டால்தான் மறுமொழி வரும். மறுமொழி வந்தால்தான் கதை நகரும்.

நாம் சொல்லவந்த ஆண்டில் இளைஞர்கள் ஒரு புதுமை செய்தார்கள். அதுவரை உரோமைப் போர்வீரரின் தலைக்கவசம் என்றால், அட்டையை வளைத்து வெள்ளித்தாள் ஒட்டியதுதான். அவ்வாண்டு ஃபைபரில் வார்த்து, வெண்கல நிறம் பூசி, உச்சியில் துடைப்பக் குச்சிகளைச் செஞ்சாயம் தோய்த்துக் கொண்டையாக நட்டுவிட்டார்கள். கன்னங்களையும் காதுகளையும் மூடித் தாடைவரை இறங்கிய அக்கவசத்தை அணிந்தவர்கள் மெய்யாகவே வீரராகத் தோன்றினார்கள். நாமும் கண்டு மகிழ்ந்து பாராட்டினோம்.

ஒலிபெருக்கியில் ஒரு சொல்

நூற்றுவர் தலைவராக நடித்தவர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஆலைத் தொழிலாளி. கணீரென்ற குரல், மிடுக்கான உருவம். பல ஆண்டுகளாக அவ்வேடம் அவருக்கே உரியது. சிலுவையில் ஆண்டவர் உரத்த குரலெழுப்பி உயிர் விட்டதும், இவர் ஈட்டியைத் தாழ்த்தி, அண்ணாந்து நோக்கி, இவர் மெய்யாகவே இறைமகன் என்று அறிக்கையிட வேண்டும். நாடகத்தின் கொடுமுடி அக்காட்சிதான்.

அன்று முழு வேடத்துடன், விளக்குகளை அணைத்து ஒத்திகை நடந்தது. சிலுவையில் தொங்கிய மாணவன் குரலெழுப்பித் தலை சாய்த்தான். நூற்றுவர் தலைவர் அசையவில்லை. மீண்டும் ஒருமுறை குரலெழுப்பினான். இவர் மரம் போல நின்றார். மணியோ இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. நம் பொறுமையும் எல்லை தாண்டிவிட்டது. கையிலிருந்த மைக்கில், “நூற்றுவர் தலைவர் நின்றுகொண்டே தூங்கிவிட்டார் போலும்!” என்று சொல்லிவிட்டோம். முற்றம் முழுவதும் கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பும் அவர் காதில் விழவில்லை. சுற்றியிருந்தோர் முகங்களைப் பார்த்துத்தான் அவர் அதை அறிந்துகொண்டார். கவசத்தைக் கழற்றிப் பீடப்படியில் வைத்தார். ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், நம் கோயிலுக்கு மைக்செட் பழுதுபார்க்கும் இளைஞன் அக்கவசத்துடன் அறைக்கு வந்தான். “சாமி, இதை ஒரு தடவை நீங்க போட்டுப் பாருங்க” என்றான். அணிந்துகொண்டோம். சங்கைக் காதில் வைத்தாற்போல ஓர் இரைச்சல்; அதனிடையே நம் மூச்சின் ஒலி. எதிரே நின்றவன் வாயசைத்தான், சொல் தெளியவில்லை. கழற்றியபின், “என்ன சொன்னாய்?” என்று கேட்டோம். “அண்ணாச்சி தூங்கலை சாமின்னு சொன்னேன்” என்றான்.

பண்டைக் கொல்லர் அறிந்தது

செவியை மூடினால் வீரன் பயனற்றவனாவான் என்பதைப் பண்டைக்காலக் கொல்லர்கள் நன்கறிந்திருந்தார்கள். புனித பவுலடியாரின் திருமுகங்களால் நாம் அறிந்த கொரிந்து நகரின் பெயரால் வழங்கும் கிரேக்கத் தலைக்கவசம், கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டுக் காதை முற்றும் மூடியது. போர்க்களத்தில் கட்டளை கேட்பதற்கு அது இடையூறாயிற்று. ஆகவே பின்வந்த கவசங்களில் காதுக்கு வழி விட்டு வெட்டினார்கள். உரோமைக் காலாட்படையினர் முதல் நூற்றாண்டில் அணிந்த கவசங்களிலும் காதுப்பக்கம் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். வெட்டின்மேல் வாள் இறங்காதபடி சிறு தகடு கூரைபோல் நீட்டியிருக்கும். கல்வாரியில் நின்ற வீரருக்குக் காது திறந்திருக்க, திரைப்படத்தைப் பார்த்து நாம் செய்த கவசமே காதை அடைத்தது!

அன்று மாலையே எல்லாக் கவசங்களிலும் காதுக்கு நேரே துளைகள் போடப்பட்டன. மற்றை வீரர்கள், “இப்போது நன்றாகக் கேட்கிறது” என்றார்கள். நூற்றுவர் தலைவரையும் வீடு சென்று அழைத்துவந்து அணிவித்தோம். பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தோம். அவர் திரும்பவில்லை. கவசமின்றியும் அழைத்தோம். அப்போதும் திரும்பவில்லை.

அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. கவசம் குற்றவாளியன்று, அது மறைந்திருந்ததை வெளிப்படுத்திய சாட்சி. அவரை அறைக்குள் தனியே அழைத்து, எதிரே அமர்ந்து மெதுவாக விசாரித்தோம். இருபத்தேழு ஆண்டுகள் இயந்திர இரைச்சலில் வேலை செய்தவர் அவர். செவி மங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாயசைவைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறார். ஆலைக்குள் எல்லாருமே வாயசைவாலும் சைகையாலும் பேசிக்கொள்வதால், அது அவருக்குக் கைவந்த கலை. முந்தைய ஆண்டுகளில் சிலுவையில் இருந்தவரின் முகம் பார்த்துக் காலம் தவறாமல் பேசிவிட்டார். இம்முறை கவசத்தின் விளிம்பு கண்ணை மறைத்தது, விளக்கும் அணைந்திருந்தது. “செவிடன்னு சொல்லி வேசத்தை எடுத்திருவீங்களோன்னு பயந்தேன் சாமி” என்று சொல்லிக் கண் கலங்கினார். நமக்கு மறுமொழி சொல்ல வாய் எழவில்லை.

இரைச்சல் திருடும் செல்வம்

நம் உட்செவி, நத்தையோடு போலச் சுருண்ட ஒரு சிறு உறுப்பு. அதனுள்ளே ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நின்று, ஒலியின் அதிர்வை நரம்புக்கு எடுத்துரைக்கின்றன. ஓயாத பேரிரைச்சல் இவற்றை மாய்த்துவிடும். மாய்ந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. வலி கிடையாது; குருதி கிடையாது. ஆகவே இழப்பது எவர்க்கும் தெரிவதில்லை. செம்பு தட்டும் கன்னார்கள் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸீனி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் இரைச்சலை எல்லையாக வகுத்திருக்கின்றன. 95 ஆனால் நான்கு மணி நேரம். 100 ஆனால் இரண்டே மணி நேரம். ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தால், அவ்விடத்து இரைச்சல் செவிக்கு ஆகாதது என்று கொள்ளலாம். தறி ஓடும் கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்விழப்பில் ஒரு விந்தையுண்டு. முதலில் போவது கூர்மையான ஒலி. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தடித்தவை. அவை பெரும்பாலும் தப்பிவிடும். க, ச, ட, த, ப என்னும் மெய்யொலிகளை வேறுபடுத்திக் காட்டும் கூரிய பகுதியே முதலில் தேய்ந்துபோகும். ஆகவே ‘பாட்டு’ என்பதும் ‘காட்டு’ என்பதும் ஒன்றாக ஒலிக்கும். பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது விளங்காது. “கேட்கிறதுபோல் இருக்கிறது, ஆனால் பதில் தப்பாகச் சொல்கிறார்” என்று வீட்டார் சலித்துக்கொள்வதும், “வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறார்” என்று பழி சுமத்துவதும் இதனால்தான். குழந்தைகளின் குரலும் பெண்களின் மென்குரலும் இத்தகையோர்க்கு முதலில் மறைந்துபோகும்.

கவசத்துக்குள் ஓர் ஆம்ப்ளிஃபயர்

மைக்செட் இளைஞன் ஒரு யோசனை சொன்னான். “கவசம் பெரிசாத்தானே இருக்கு, அதுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வச்சிரலாம் சாமி” என்றான். வேண்டிய பொருள்கள் சிலவே: பொத்தானளவு கண்டென்சர் மைக் இரண்டு, எல்.எம். 386 என்னும் சிறு ஐ.சி. இரண்டு, பழைய ஹெட்போனிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் இரண்டு, ஒரு வால்யூம் திருகு, 9 வோல்ட் பாட்டரி ஒன்று. அனைத்தும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி மைக் வைத்தான். இரு காதுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்தால், குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது என்றான். இரு செவிகளைத் தந்த இறைவனின் திட்டத்தை அவன் ஒரே சொல்லில் விளக்கிவிட்டான்.

முதல் முயற்சி தோற்றது. காதோரத் துளையிலேயே மைக்கைப் பொருத்தியிருந்தான். சுவிட்சைத் தட்டியதும் கவசம் கீச்சென்று ஊளையிட்டது. கோயில் ஒலிபெருக்கி கூவும்போது நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம் அல்லவா? அதே வியாதிதான். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் நுழைந்து, பெருகி, மீண்டும் ஸ்பீக்கரில் வந்து, ஓயாமல் சுற்றுகிறது. மருந்து இரண்டு: மைக்கையும் ஸ்பீக்கரையும் தூர விலக்கவேண்டும், இடையில் ஒலி கசியும் வழியை அடைக்கவேண்டும். எனவே மைக்குகளைக் கவசத்தின் வெளியே, நெற்றிப்பட்டையின் இரு ஓரங்களில் இருந்த பூவேலைப்பாட்டுக்குள் ஒளித்துவைத்தான். ஸ்பீக்கர்களைச் சுற்றித் தடித்த ஸ்பாஞ்சு வைத்துக் காதோடு பொருத்தினான்.

இரண்டாம் முயற்சியில் ஊளை நின்றது, இடி தொடங்கியது. தலையை அசைத்தால் கடகட. கொண்டைக் குச்சி உரசினால் சரசர. காற்று வீசினால் புயல். மைக் கவசத்தின் உடம்போடு ஒட்டியிருந்ததால் கவசத்தின் ஒவ்வோர் அதிர்வையும் குரலாக எடுத்துக்கொண்டது. அதையும் ஸ்பாஞ்சில் மிதக்கவிட்டு, மேலே மெல்லிய ஸ்பாஞ்சுத் தொப்பி போட்டதும் அடங்கியது. பாட்டரியைப் பிடரிப் பக்கம் வைத்தான்; முன்னுக்குச் சாய்ந்த கவசமும் நேராயிற்று.

மூன்றாவதாக அவன் செய்ததைத்தான் நாம் பெரிதும் மெச்சினோம். நாடகத்தில் முரசு முழங்கும், இடியோசை எழும். அவை இக்கருவியில் பெருகி, எஞ்சியிருக்கும் செவியையும் கெடுத்துவிடக்கூடாது. ஆகவே ஓர் அளவுக்குமேல் ஒலி எழாதபடி, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இரண்டு டயோடுகளை எதிரெதிராக வைத்துப் பற்றவைத்தான். வெள்ளம் அளவு கடந்தால் மடையில் வடிந்துவிடுவது போல, மிகுந்த ஒலி அங்கேயே வடிந்துவிடும். பிறர்க்கு உதவ முற்படுவோர், அவ்வுதவியால் தீங்கு நேராதபடியும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை அவனிடம் கற்றோம்.

அரசரும் ஒளித்தார்

செவியின் குறையை அணிகலனுக்குள் ஒளிப்பது புதிதன்று. போர்ச்சுக்கல் மன்னர் ஆறாம் ஜானுக்குக் காது மந்தம். அவருக்கென 1819இல் லண்டனில் ஓர் அரியணை செய்தார்கள். அதன் இரு கைகளும் வாய் பிளந்த சிங்கத்தலைகள். குறை சொல்ல வந்தவர் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயருகே பேசவேண்டும். அச்சொல் கைகளின் உட்குடைவில் ஏறி, ஒரு குழாய் வழியே மன்னரின் காதை அடையும். பார்ப்போர்க்கு அது அரச மரியாதை. உண்மையில் அது கேட்கும் கருவி!

பின்வந்த அறிவியல் பலவும் செவிப்புலன் குன்றியோரைச் சார்ந்தே வளர்ந்தது. 1876இல் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள்; அவரும் காது கேளாதோர்க்கு ஆசிரியர். 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், கடைக்கு வந்தது முதலில் வானொலிப்பெட்டியாக அன்று. 1952இன் இறுதியில் காதுக் கருவியாகத்தான். நம் இளைஞன் பொருத்திய பொத்தான் மைக்கின் மூலமும், 1962இல் செஸ்லர், வெஸ்ட் என்னும் இரு அறிஞர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டதே. உலகம் முழுவதும் இத்தனை பேர் உழைத்திருக்க, கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம், காதுக் கருவி அணிய மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம்? கண்ணாடி அணிந்தவரைப் ‘படித்தவர்’ என்கிறோம். கருவி அணிந்தவரைக் கண்டால் குரலை உயர்த்திக் கேலி பேசுகிறோம். கேலிக்கு அஞ்சியே பலர் கருவியைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிடுகிறார்கள்.

நாடக இரவு

நாடக நாளும் வந்தது. சிலுவையில் குரல் எழுந்தது. நூற்றுவர் தலைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஈட்டி தாழ்ந்தது. ஆனால் வசனம் உடனே வரவில்லை. நமக்கு நெஞ்சு படபடத்தது. சில நொடிகள் கழித்து, தழுதழுத்த குரலில் அவர் அறிக்கையிட்டபோது முற்றம் முழுவதும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிறகு கேட்டோம், ஏன் தாமதம் என்று. “இத்தனை வருசம் வாயசைவைத்தான் பார்த்தேன் சாமி. அந்தச் சத்தத்தை இன்னைக்குத்தான் கேட்டேன்” என்றார்.

அடுத்த நாள் அவர் கேட்ட வரம், கவசத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பது. இசைந்தோம். மாலையில் அவ்வழியே சென்றபோது கண்ட காட்சியை மறக்கவியலாது. வேட்டி பனியனோடு, செந்நிறக் கொண்டை துலங்கும் உரோமைக் கவசம் தரித்து, வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். மடியில் ஐந்து வயதுப் பேத்தி. அவள் மழலையில் மங்கள வார்த்தை செபம் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள்; அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தக் குரலை அவள் பிறந்தது முதல் அவர் சரியாகக் கேட்டதே இல்லை.

ஆயினும் நாம் அத்துடன் நிறுத்தவில்லை. இளைஞன் செய்தது எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்கும் கருவி. காது கேளாமைக்கு உரிய மெய்யான கருவியோ, எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சோதித்தறிந்து, அதை மட்டும் அந்த அளவுக்கு உயர்த்தித் தருவது. ஆகவே அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சோதனை முடிந்து, உரிய கருவி காதில் ஏறியது. கவசம் கோயில் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. வீட்டிலே ஆம்ப்ளிஃபயர் செய்து மருத்துவரைத் தவிர்க்கலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

தனியே அழைத்துச் சென்ற ஆண்டவர்

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத, திக்கிப் பேசிய ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் முதலில் செய்தது என்ன? அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். பின்னரே அவர் காதுகளில் விரல் இட்டார், வானத்தை நோக்கிப் பெருமூச்சு விட்டார், ‘எப்பத்தா’ என்றார். நாம் எத்தனையோ முறை இப்பகுதியைப் பீடத்திலிருந்து வாசித்திருக்கிறோம். திருமுழுக்கின்போது குழந்தைகளின் காதைத் தொட்டுச் செபித்திருக்கிறோம். ஆனால் ‘தனியே’ என்னும் அச்சொல்லின் பொருள் அந்த ஒத்திகை இரவில்தான் நமக்கு உறைத்தது. ஆண்டவர் தனியே அழைத்துச் சென்றார். நாம் ஒலிபெருக்கியில் அழைத்தோம்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. கெத்சமனியில் ஆண்டவரைப் பிடிக்க வந்தோரில் தலைமைக் குருவின் பணியாளர் ஒருவர் இருந்தார். யோவான் அவர் பெயரை மால்கு என்று குறிக்கிறார். பேதுரு வாளை உருவி அவர் வலக்காதை வெட்டினார். ஆண்டவரோ அக்காதைத் தொட்டு நலமாக்கினார் என்கிறார் லூக்கா. கட்டுண்ணப் போகும் கைகள் கடைசியாக நலமாக்கியது ஒரு செவியை. அதுவும் பகைவரோடு வந்தவரின் செவியை! சீடன் வெட்டியதை ஆண்டவர் ஒட்டவைத்தார். சுடுசொல்லாலும் கேலியாலும் நாம் வெட்டியவை எத்தனையோ!

வீட்டில் செய்யத்தக்கவை

மார்ச் 3ஆம் நாளை உலகச் செவித்திறன் நாளாக உலக நலவாழ்வு நிறுவனம் கொண்டாடுகிறது. 3, 3 என்னும் எண்கள் இரு காதுகளைப் போல இருப்பதனால் அந்நாள். மருத்துவ உதவியோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்குச் செவி குன்றியவர்கள் உலகில் 43 கோடிப் பேர் என்று அந்நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, குறை தென்பட்டால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வகுத்த நெறி. பேச்சைக் கற்கும் பருவம் கடந்துவிட்டால் இழப்பு பெரிது. தட்டாமாலை சுற்றி விளையாடும் பிள்ளை அழைத்தால் திரும்பவில்லை, தொலைக்காட்சியை மிக உரக்க வைக்கிறது, வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் குறை கூறுகிறார் என்றால், பிரம்பைத் தேடுமுன் காதைச் சோதியுங்கள். காது வலிக்குக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதையும், ஊக்காலும் தீக்குச்சியாலும் குடைவதையும் அடியோடு விட்டுவிடுங்கள். ஆலைக்கும் தறிக்கும் போகிறவர்கள் காதடைப்பான் கேட்டு வாங்கி அணியுங்கள். திருவிழாவில் வேட்டு முழங்கும் இடத்துக்கு அருகில் பச்சிளங்குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

முதியோரிடம் பேசும்போது, பின்னாலிருந்து கத்தாதீர்கள். முன்னே வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, நிறுத்திப் பேசுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாதீர்கள். எல்லாவற்றினும் மேலாக, “என்ன சொன்னே?” என்று அவர் மறுபடி கேட்கும்போது, “ஒன்னுமில்ல, விடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நூற்றுவர் தலைவரிடம், இத்தனை ஆண்டுகளில் உங்களை மிகவும் வருத்தியது எது என்று வினவினோம். ஆலை இரைச்சலை அவர் சொல்லவில்லை. நம் கேலியையும் சொல்லவில்லை. அந்த “ஒன்னுமில்ல, விடுங்க” என்பதைத்தான் சொன்னார்.

வள்ளுவர் தம் நூலின் 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். நம்பிக்கை கேள்வியினால் பிறக்கிறது என்பது பவுலடியாரின் போதனை. கேட்க இயலாதவரின் காதில் சொல் சேரும்வரை பொறுமையோடு நிற்பதும் நற்செய்திப் பணியே. இத்தவக்காலத்தில் ஓர் இறைச்சித் துண்டை விடுவதோடு, ஒரு சுடுசொல்லையும் விட்டுவிடுவோம். ஒரு மாலையேனும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து, அவர் கேட்கும்படி குடும்ப செபத்தைச் சொல்லுவோம்.

அக்கவசம் இன்றும் சக்கிறீஸ்து அறை அலமாரியில் இருக்கிறது. திருவுடை அணியும்போதெல்லாம் அதை நோக்குகிறோம். பேசுவதற்கு மைக்கைக் கையில் எடுக்குமுன், எதிரே நிற்பவரின் காதில் என்ன மூடியிருக்கிறது என்று பார்க்கும்படி அது நமக்குச் சொல்லாமல் சொல்லுகிறது.

ஆண்டவரே, கேளாதவரைக் கடிந்துகொள்ளும் எங்கள் செவிகளையும் தொட்டருளும். ஆமென்.